நான்கு பள்ளிகள், ஒரே பிள்ளைகள்

எட்டாம் வகுப்பை ஏப்ரலில் முடித்த ஒரு பிள்ளை, ஜூனில் இன்னொரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காரும் வரை யார் பொறுப்பு? கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பழைய பள்ளி அந்தப் பெயரை விடுவித்ததும் அது ‘காமன் பூல்’ எனப்படும் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டால் பிள்ளை சேர்ந்துவிட்டது என்று பொருள். இல்லையென்றால் பெயர் அங்கேயே கிடக்கும். பள்ளி திறந்து சில வாரங்களில் வட்டார வள மையத்திலிருந்து பட்டியல் வரும்: உங்கள் பள்ளியில் படித்த இன்னார் இன்னும் எங்கும் சேரவில்லை, விசாரித்துச் சொல்லுங்கள்.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே சமவெளியில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் பயிற்றுநரோடு வீடு வீடாகப் போன வருஷங்கள் பல. ஒரு வருஷம் பட்டியலில் இருந்தது, எங்கள் பள்ளியில் எட்டு வருஷமும் விடாமல் வந்த ஒரு பெண்பிள்ளை. அம்மா நூற்பாலையில் ஷிப்ட் வேலை. அப்பா இல்லை. தம்பி எங்கள் பள்ளியிலேயே நான்காம் வகுப்பு. வாசலில் நின்றபடியே அந்த அம்மா சொன்னார்: “படிக்க வைக்க மனசு இல்லாம இல்ல டீச்சர். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம்தான் குறை.”

உயர்நிலைப் பள்ளி விடுவது மாலை 4.20. ஊருக்கு வரும் டவுன் பஸ் 4.10-க்கு அந்த நிறுத்தத்தைத் தாண்டிவிடும். அடுத்தது ஆறு மணிக்கு மேல். அதுவரை நான்காம் வகுப்புப் பையனை யார் பார்ப்பது, இருட்டும் நேரத்தில் பெண்பிள்ளை பஸ் நிறுத்தத்தில் தனியாக எப்படி நிற்பது? அதனால் நிறுத்திவிட்டார். நான் அந்த உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “முன்னாடியே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே டீச்சர்!” உள்ளூர்ச் சூழலைப் பார்த்துப் பள்ளி நேரத்தை அமைத்துக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு இடம் உண்டு. காலையில் கால் மணி நேரம் முன்னதாகத் தொடங்கினார்கள். மாலையில் பஸ் கிடைத்தது. அந்தப் பிள்ளையோடு அதே தடத்தில் வரும் மற்ற பிள்ளைகளும் வெயிலில் காத்துக் கிடக்காமல் வீடு வந்தார்கள்.

ஒரு தேநீர் நேரத்தில் தீர்ந்த விஷயம் இது. இதைப் பேச அதுவரை ஓர் இடம் இல்லாமல் போனது ஏன் என்பதுதான் என் கேள்வி.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு, தனியார் சுயநிதிப் பள்ளிகளைத் தவிர ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவு அந்தக் குழுவே பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. பல ஆண்டுகள் இது கையெழுத்து வாங்கும் சடங்காகவே இருந்தது. 2022இல்தான் தமிழ்நாட்டில் உயிர் வந்தது. ‘நம் பள்ளி நம் பெருமை’ என்று ஊர் ஊராக அழைத்து, 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் குழுவை மறுகட்டமைத்தார்கள். 20 பேர் கொண்ட குழு, தலைவராக ஒரு தாய். 2024இல் மீண்டும் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தீர்மானம் போடுகிறார்கள், செயலியில் ஏற்றுகிறார்கள், பல ஊர்களில் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் வந்திருக்கின்றன. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், தலைமையாசிரியர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து “தண்ணித் தொட்டி எப்பக் கழுவினீங்க?” என்று கேட்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கற்பனை செய்திருக்க முடியாது. இந்த நான்கைந்து வருஷத்தில் நடந்த பெரிய காரியம் இது என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு குழுவின் பார்வையும் தன் பள்ளியின் சுற்றுச்சுவரோடு நின்றுவிடுகிறது. சட்டம் அப்படித்தான் வரைந்திருக்கிறது. பிள்ளைகளோ அப்படி வாழவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை முதல் ஐந்து வகுப்பை ஊர்ப் பள்ளியிலும், ஆறு முதல் எட்டை நடுநிலைப் பள்ளியிலும், அடுத்த இரண்டை உயர்நிலைப் பள்ளியிலும், கடைசி இரண்டை சின்னாளபட்டியிலோ திண்டுக்கல்லிலோ இருக்கிற மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கும். நான்கு பள்ளி, நான்கு குழு, நான்கு மேம்பாட்டுத் திட்டம். நான்கும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

தசைச் சிதைவு நோயுள்ள ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் படித்த தொடக்கப் பள்ளியில் அம்மா குழு உறுப்பினர். தீர்மானம் போட்டு, ஊராட்சியில் பேசி, வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் சாய்தளம் போட வைத்தார். கைப்பிடி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று மகனைச் சக்கர நாற்காலியோடு கொண்டுவந்து நிறுத்தி அளந்து சொன்னவர் அவர். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனான். அங்கே வகுப்பறைக்கு முன்னால் ஐந்து படி. சாய்தளம் இல்லை. முதல் நாளிலிருந்து அம்மா தூக்கிக்கொண்டு போனார். வளர்கிற பையன், எத்தனை நாள் தூக்க முடியும்? புதிய பள்ளியின் குழு நல்ல குழுதான். விஷயம் தெரிந்ததும் தீர்மானம் போட்டார்கள். நிதி வந்து, வேலை முடிய ஒரு கல்வியாண்டு போய்விட்டது. அந்தப் பையன் ஐந்து வருஷமாக இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். இன்ன வருஷம் ஜூன் மாதம் இங்கே வருவான் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாய்தளம் அவனுக்கு முன்னால் வந்து காத்திருந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்குக் குறுவள மையம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. சனிக்கிழமைகளில் கூடுவோம். ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி நடக்கும், காணொளி ஓடும், பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசுவோம். அது பயிற்சிக்கான கூட்டம். பெற்றோருக்கு அங்கே நாற்காலி இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு பக்கம், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் வேறு பக்கம். நிர்வாகமும் இரண்டு கோடுதான். எங்களுக்கு வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேலே தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். உயர்நிலைப் பள்ளிக்கு இடைநிலைக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர். இந்த இரண்டு கோடும் முதன்மைக் கல்வி அலுவலரின் மேசையில் போய்த்தான் சேர்கின்றன. அவரோ மாவட்டத்துக்கே ஒருவர், இங்கே 14 ஒன்றியங்கள். பத்து நிமிஷ பஸ் விஷயம் அந்த மேசை வரைக்கும் போக வேண்டியதில்லை.

பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து திட்டமிட ஒரு குழு வேண்டும் என்பதே என் யோசனை. அது புதிதும் இல்லை. 1966இல் கோத்தாரி கல்விக் குழு தந்த அறிக்கையிலேயே பள்ளி வளாகம் என்ற திட்டம் இருக்கிறது. நடுவில் ஓர் உயர்நிலைப் பள்ளி, அதைச் சுற்றி இருக்கிற தொடக்க, நடுநிலைப் பள்ளிகள், எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டமிட ஒரு குழு. சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் எங்கள் ஊர்களில் கிராமக் கல்விக் குழு இருந்தது. ஊராட்சித் தலைவரை முன்னிறுத்திய அந்தக் குழுவுக்குப் பல குறைகள் உண்டு. ஆனாலும் அது ஊரைப் பார்த்தது. ஊரில் எத்தனை பிள்ளைகள், யார் எங்கே படிக்கிறார்கள், யார் படிக்கவில்லை என்று கணக்கெடுத்தது. பள்ளிக்கு ஒரு குழு என்று ஆனபோது பெற்றோருக்கு அதிகாரம் வந்தது. ஊரைச் சேர்த்துப் பார்க்கும் கண் போய்விட்டது. முன்னது கட்டாயம் வேண்டும். பின்னதை ஏன் இழக்க வேண்டும்?

சேர்ந்து திட்டமிடுவோம் என்றாலே ஆசிரியர்களும் பெற்றோரும் ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2019இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரின் மேற்பார்வையில் கொண்டுவரும் அரசாணை வந்தது. அதே வருஷம் பிள்ளைகளே இல்லாத பள்ளிகளை நூலகமாக மாற்றும் அறிவிப்பும் வந்தது. ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. நானும் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஏழாவது அத்தியாயத்தில் பள்ளி வளாகம் பற்றிப் பேசும்போது சிறு பள்ளிகளை ஒரு சிக்கலாகவே முன்வைக்கிறது. இலங்கையில் 1981 கல்வி வெள்ளை அறிக்கை கொத்தணிப் பாடசாலை முறையைக் கொண்டுவந்தபோதும் சின்னப் பள்ளிகள் கரைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. இருபது பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியின் மதிப்பு, அதை மூடிய பிறகுதான் வெளியே தெரியும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை நான்குவழிச் சாலையைக் கடந்து போக வேண்டிவரும். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்று நம் மாநில விதி சொல்வது அந்தக் குழந்தையின் காலை வைத்துத்தான்.

ஆகவே நான் கேட்கிற குழுவுக்கு அதிகாரம் வேண்டாம். அது ஆலோசனைக் குழுவாக மட்டும் இருக்கட்டும். எந்தப் பள்ளியையும் இணைக்கவோ மூடவோ பரிந்துரைக்கும் உரிமை அதற்கு இல்லை என்று வழிகாட்டு நெறிமுறையின் முதல் வரியிலேயே எழுதிவிடட்டும். எந்தப் பள்ளியின் பணத்தையும் அது தொடக் கூடாது. ஓர் உயர்நிலைப் பள்ளி, அதற்குப் பிள்ளைகளை அனுப்புகிற தொடக்க, நடுநிலைப் பள்ளிகள், அவ்வளவுதான் அதன் எல்லை. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் குழுத் தலைவர், இன்னொரு பெற்றோர், தலைமையாசிரியர் வரட்டும். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோர் ஒருவராவது கட்டாயம் இருக்கட்டும். நிரந்தரத் தலைவர் வேண்டாம், கூட்டம் நடக்கும் பள்ளியின் தலைவரே அன்றைக்குத் தலைவர். வருஷத்துக்கு மூன்று முறை கூடினால் போதும். டிசம்பரில் ஒரு முறை, அவரவர் மேம்பாட்டுத் திட்டத்தை எழுதும் முன் ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்க. ஏப்ரலில் ஒரு முறை, எந்தப் பிள்ளை எங்கே போகிறது, அதற்கு என்ன தேவை என்று பெயர் சொல்லிக் கைமாற்ற. ஆகஸ்டில் ஒரு முறை, பொதுத் தொகுப்பில் தங்கிவிட்ட பெயர்களைத் தேட.

டிசம்பர் கூட்டம் எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை வருஷத்துக்கு 10 ஆயிரம் ரூபாய், 100 வரை 25 ஆயிரம், 250 வரை 50 ஆயிரம். பத்தாயிரத்தில் சுண்ணாம்பும் சாக்பீஸும் துடைப்பமும் வாங்கிய பிறகு என்ன மிஞ்சும்? 2024–25இல் ஒன்றிய அரசு இந்த மானியம் வரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் நிதியைத் தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்தியபோது இந்தச் சின்னத் தொகைகூட எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஒரே ஒரு பிளம்பரை நான்கு பள்ளிக்கும் ஒரே நாளில் வரவழைத்தாலே கூலி குறையும். உயர்நிலைப் பள்ளியின் ஹைடெக் லேப் சனிக்கிழமை பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் திறந்துவிடலாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இடித்தது சரி. புதிய கட்டடம் வரும் வரை மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வகுப்பு நடந்தது. அப்படி ஒரு பள்ளி மரத்தடியில் இருந்தபோது, ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொரு பள்ளியில் இரண்டு நல்ல அறைகள் பழைய பெஞ்சுகளோடு பூட்டிக் கிடந்ததை நான் பார்த்தேன்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை சீசனில் பிள்ளைகள் விடியும் முன் அம்மாவோடு பூப்பறிக்கப் போகிறார்கள். தொடக்கப் பள்ளியில் தங்கை தாமதம். உயர்நிலைப் பள்ளியில் அண்ணன் ‘ஒழுங்காக வருவதில்லை’ என்ற குறிப்பு. இரண்டு வருகைப் பதிவேட்டிலும் தெரிவது ஒரே வீடு. இரண்டு ஆசிரியர்களும் ஒரு முறை சேர்ந்து அந்த வீட்டுக்குப் போனால் போதும், மூத்தவன் படிப்பை விடுவதைத் தடுக்கலாம். தனித்தனியாகப் போனால் இரண்டு புகார்தான் போகிறது.

இதில் சாதியைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் சமவெளியில் பல ஊராட்சிகளில் ஊருக்குள் ஒரு பள்ளி, காலனிக்கு அருகே ஒரு பள்ளி. பெற்றோர் குழுக்களும் அப்படியே பிரிந்திருக்கின்றன. ஆறாம் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் முதல் முறையாக ஒரே பெஞ்சில் உட்காரும்போது, அவர்களுடைய பெற்றோர் ஒரு முறைகூட ஒன்றாக உட்கார்ந்து பேசியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் கயிறு, நெற்றிக் குறி, பள்ளிப் பெயர் பற்றியெல்லாம் அதன் பிறகு விவாதித்தோம். இரண்டு பள்ளிப் பெற்றோர்களை வருஷத்துக்கு மூன்று முறை ஒரே அறையில், ஒரே வேலைக்காக உட்கார வைப்பதும் அந்தப் பாதையில் ஓர் அடிதான் என்று உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் கூட்டம் ஒவ்வொரு முறையும் வேறு பள்ளியில் நடக்க வேண்டும் என்கிறேன். காலனிப் பள்ளியிலும் நடக்க வேண்டும். அங்கே வரமாட்டோம் என்று சொல்பவர் யார் என்பது அன்றைக்கே ஊருக்குத் தெரியட்டும்.

திண்டுக்கல் நகரத்தின் கதை வேறு. 48 வார்டு கொண்ட மாநகராட்சியில் மாநகராட்சிப் பள்ளிகள், அரசுப் பள்ளிகள், மிஷன்களும் சிறுபான்மை அமைப்புகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் என்று மூன்று நிர்வாகம். பேகம்பூரிலும் மேட்டுப்பட்டியிலும் நாகல் நகரிலும் ஒரே சந்தில் வசிக்கும் பிள்ளைகள் இந்த மூன்றுக்கும் பிரிந்து போகிறார்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உதவிபெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்ல முடியும். நான் கேட்கிற குழுவும் ஆலோசனைக் குழுதான் என்பதால் அவர்களும் தயங்காமல் வந்து உட்காரலாம். மாநகராட்சி உறுப்பினர் ஒருவர் அழைத்தால் போதும். காலை எட்டரை மணிக்கு ஒரே குறுக்குத் தெருவில் மூன்று பள்ளி ஆட்டோக்களும் சரக்கு வண்டிகளும் முட்டி நிற்பதை அவர்கள் சேர்ந்துதான் சரிசெய்ய முடியும்.

கூட்டம் எந்த நேரத்தில் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். பெற்றோரைப் பொறுத்தவரை அதுதான் முதல் விஷயம். காலையில் வைத்தால் கூலி போகும். வேலை முடிந்து ஐந்து மணிக்கு மேல் வையுங்கள், பஸ் கட்டணத்தைக் கொடுங்கள், ஒரு டீயும் வடையும் கொடுங்கள். இதற்கென்று இன்னொரு செயலி வேண்டாம். நோட்டில் எழுதினால் போதும். பயிற்சி தர ஒட்டன்சத்திரத்தில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1947 முதல் சுற்றுவட்டாரக் கிராமங்களோடு சேர்ந்து வேலை செய்த காந்திகிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே ஓர் ஒன்றியத்தில், ஆத்தூரிலோ ரெட்டியார்சத்திரத்திலோ, ஒரு வருஷம் செய்து பார்க்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக்களின் அடுத்த மறுகட்டமைப்புக்கான வழிகாட்டு நெறிமுறையில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

அரசாணை வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களே, நம் பள்ளியில் முடித்துப் போகும் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று உங்கள் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பள்ளிகளின் குழுத் தலைவர்களை உங்கள் அடுத்த கூட்டத்துக்கு அழைக்க ஒரு தீர்மானம் போடுங்கள். அதைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை.